மிச்சம் முப்பத்தொன்பது குடம்

நாற்பது குடம் மரச்சாற்றை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சினால் ஒரு குடம் பாகு கிடைக்கும். மரம் தோன்றிய நாளிலிருந்து இதுதான் நடைமுறை. இந்த நடைமுறைக்கு உரிய அலுவலகத்தில் எழுத்துமூலமான ஒப்புதல் எதுவும் பெறப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்த பெருமை நம்முடைய திருத்தத்தையே சாரும்.

திருத்தம் என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். கலன்கள் மற்றும் கொள்கலன்கள் கண்காணிப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் நாற்காலி தேய்த்தவர். அவர் மேசைக்குப் போன எந்தக் கோப்பும் திருத்தம் இல்லாமல் திரும்பியதில்லை. ஒருமுறை கைதவறி ஒரு வெற்றுத்தாள் போய்விட்டது. அதையும் இரண்டு நாள் வைத்திருந்து, ‘தகுந்த திருத்தங்களுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதி அனுப்பினார். அனுப்பியவர்களும் திருத்திச் சமர்ப்பித்தார்கள்.

ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் அவர் மனைவியின் காய்ச்சும் கொட்டகையில் வந்து நின்றார். தோப்பு மனைவி வழிச் சொத்து, இருநூறு மரம். அவளும் அவள் தம்பியும்தான் இத்தனை வருஷமும் அதைப் பார்த்துக்கொண்டார்கள். குளிர் விலகத் தொடங்கும்போது மரம் சாறு விடும். மொட்டு வெடித்துவிட்டால் நிறுத்திக்கொள்ளும். இடையில் இருப்பது ஐந்தே வாரம். இறங்கிய சாறு இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் புளித்துவிடும். அந்த ஐந்து வாரம் காய்ச்சி எடுக்கும் பாகில்தான் வருஷம் முழுக்க வீட்டு அடுப்பு எரிந்தது.

கொட்டகையின் நடுவில் கொப்பரை. ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு, ஒரு சாண் ஆழம். உள்ளே தகட்டுத் தடுப்புகள். ஒரு முனையில் குழாய் வழியாகத் தண்ணீர் மாதிரி சாறு இறங்கும். தடுப்புக்குத் தடுப்பு வளைந்து, வளைய வளைய நிறம் ஏறி, மறுமுனைக்கு வரும்போது பாகு. மனைவி அகலக் கரண்டியை முக்கித் தூக்கிப் பார்ப்பாள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் ஆகவில்லை. விளிம்பில் திரை மாதிரி சேர்ந்து நின்று விழுந்தால் மதகைத் திறந்துவிடுவாள். அரை நிமிஷம் தவறினால் கருகிவிடும்.

திருத்தம் உதவ முன்வந்தார். ஈர விறகை வைத்து அடுப்பை அணைத்தார். நுரை எடுக்கச் சொன்னால் நுரையோடு பாகையும் எடுத்தார். மூன்றாம் நாள் அவர் கேட்டார்:

“இந்தக் கொப்பரைக்கு உரிமம் எங்க?”

“எதுக்கு?” என்றாள் மனைவி.

“பதிவு செஞ்ச கலனான்னு கேக்கிறேன்.”

“எங்கப்பா காலத்திலிருந்து காய்ச்சுறோம். ஒருத்தரும் கேக்கல.”

“நாளைக்குக் கேட்டா?”

“கேட்டா அப்பப் பாத்துக்கலாம்.”

“இந்த ‘அப்பப் பாத்துக்கலாம்’தான் இந்த நாட்டைக் கெடுத்துச்சு,” என்று சொல்லிவிட்டுத் திருத்தம் ஊருக்குள் போய், விண்ணப்பத்தை மூன்று பிரதிகளில் நிரப்பி, தானே திருத்தி, தானே சமர்ப்பித்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். இவர் அந்த ஓணானுக்கு வரவேற்புக் கடிதமும் எழுதினார்.

ஆய்வுக்கு வந்தவர் ஆகட்டும். அதுவும் அலுவலகப் பெயர்தான். திருத்தத்தின் கீழ் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து, எதற்கும் “ஆகட்டும் சார்” என்று சொல்லியே உயர்ந்து, இப்போது அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவர். குருவைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவுகோலை எடுத்தார். நாற்பது குடம் சாறு அளந்து ஊற்றப்பட்டது. சாயங்காலம் ஒரு குடம் பாகு வந்தது. ஆகட்டும் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு கொப்பரைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“சார், நாப்பது உள்ள போச்சு. ஒண்ணு வெளிய வந்துச்சு. மிச்சம் முப்பத்தொன்பது குடம் எங்க?”

“ஆவியாப் போச்சுப்பா.”

“எங்க போச்சு?”

திருத்தம் கூரையைக் காட்டினார். “மேல.”

“மேல போனதுக்கு ஏதாவது அத்தாட்சி?”

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஏம்பா, தண்ணி போகணும்னுதானே காய்ச்சுறோம்? போகலேன்னா அது சாறு. போனாத்தான் பாகு.”

“எனக்குப் புரியுது மேடம். விதிக்குப் புரியணுமே.” ஆகட்டும் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார். “‘எந்த ஒரு கலனும் தன்னுள் இடப்பட்ட பொருளில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இழந்திருக்குமாயின், காரணம் எதுவாயினும், அக்கலன் ஓட்டையுடையதாகக் கருதப்படும்.’ காரணம் எதுவாயினும்னு இருக்கு மேடம். ஆவியும் அதுல வந்துடுது.”

“எந்தப் புண்ணியவான் எழுதினான் அதை?”

ஆகட்டும் மரியாதையாக எழுந்து நின்று இரண்டு கையாலும் திருத்தத்தைக் காட்டினார்.

பால் கேன்களில் பால் குறைகிறது என்று புகார் வந்த காலத்தில் எழுதிய விதி அது. வரைவில் ‘காரணம் எதுவாயினும்’ கிடையாது. திருத்தம்தான் கடைசி நேரத்தில் சேர்த்தார். அந்த இரண்டு வார்த்தைக்காக மேலதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி இப்போது பார்த்த பார்வையில் அந்தக் கை சுட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்: உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு எழுத்து மாறவில்லை.

கொப்பரையைச் சுற்றி நூல் கட்டி அரக்கு முத்திரை வைக்கப்பட்டது.

“எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டான் மைத்துனன். அதிகம் பேசாதவன், விறகு பிளப்பான், தொட்டி கழுவுவான்.

“ஓட்டையை அடைச்சதும் எடுத்துடலாம்.”

“ஓட்டையே இல்லையே.”

“அப்ப அடைக்க முடியாதே.”

“முடியாதுதான்.”

“அடைக்கலேன்னா எடுக்க முடியாதே.”

எல்லோரும் திருத்தத்தைப் பார்த்தார்கள். அவர் மனத்துக்குள் விதியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். இடுக்கு இல்லை. ஒரு ஊசி நுழைய வழியில்லாமல் எழுதியிருந்தார் படுபாவி.

“ஒண்ணு பண்ணலாம் சார்,” என்றார் ஆகட்டும், குருபக்தியில். “அடைச்ச தழும்பு இருந்தா எனக்குப் போதும். தழும்பைப் பார்த்துத்தான் நாங்க சான்று குடுக்கிறோம்.”

வெல்டிங்காரர் வந்தார். கொப்பரையைத் தட்டிப் பார்த்தார். “ஓட்டை எங்க?”

“நீங்கதான் போடணும்,” என்றார் திருத்தம்.

“போட்டு?”

“அடைக்கணும்.”

வெல்டிங்காரர் தொழிலில் இருபது வருஷம் பழுத்தவர். ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எதுக்குங்க வீண் வேலை? மேலாப்புல ஒரு பொட்டு வெச்சு விட்டுடறேன், அடைச்ச மாதிரியே இருக்கும்,” என்றார்.

“பொய்த் தழும்பா? என்கிட்டயா?” திருத்தத்துக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் நேர்மையாக இருந்தவர். நல்ல கொப்பரையில் நேர்மையாக ஒரு ஓட்டை போடப்பட்டு, நேர்மையாக அடைக்கப்பட்டது.

மறுசோதனை. அதற்கு மட்டும் முத்திரை பிரிக்கப்பட்டது, முடிந்ததும் மறுபடி வைக்கப்பட்டது. நாற்பது உள்ளே, ஒன்று வெளியே. “இன்னொரு ஓட்டை இருக்கும்போல சார்,” என்றார் ஆகட்டும் வருத்தத்துடன். இன்னொன்று போட்டு அடைத்தார்கள். மூன்றாவது. நான்காவது. ஒவ்வொரு சோதனையிலும் கிடைத்த ஒரு குடம் பாகு, ‘ஆய்வு மாதிரி’ என்ற பெயரில் அலுவலகத்துக்குப் போனது. ஆய்வுக்குரிய மாதிரிகள் ஆறு மாதம் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது விதி. குடங்கள் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டன. உள்ளே இருந்தது காரணம் எதுவாயினும் குறைந்துபோயிற்று.

மரத்துக்கு இதெல்லாம் தெரியாது. அது சாறு விட்டுக்கொண்டே இருந்தது. தொட்டி நிறைந்தது, புளித்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை மனைவியும் மைத்துனனும் வாளி வாளியாக மொண்டு, எந்த மரத்திலிருந்து வந்ததோ அதன் அடியிலேயே கொட்டினார்கள். மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று திருத்தத்துக்கு இருந்தது. ஒரு வாளியைத் தானும் தூக்கினார். அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் கையில் விழுந்த புளிப்புச் சாற்றைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவருக்கு அழுகை வந்தது. நான் ஏன் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்தேன் என்று தன்னையே நொந்துகொண்டார். அன்று மத்தியானமே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார். பதினோரு பக்கம், உட்பிரிவுகளுடன்.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் தலையாட்டத் தலைவர் பேசுவார். அவர் வெளிநாட்டுப் பத்திரிகை படிப்பவர். காய்ச்சுவதைப் பற்றியும் தெரியும். “எங்க வீட்ல வெந்நீர் வெக்கும்போது நான் மூடி வெக்காம விடமாட்டேன்,” என்று தொடங்கினார். “நீங்க மூடி வெக்கிறதில்லையா?”

“மூடினா ஆவி போகாதுங்க,” என்றாள் மனைவி.

“அதான் வேணும்! ஆவி போறதுதானே குற்றச்சாட்டு?” தலைவர் ஒரு வண்ணப்படத்தை எடுத்து வைத்தார். பளபளக்கும் எஃகு. மேலே கூண்டு, பக்கத்தில் சுருள் குழாய், நாலு கண்ணாடி முள் மீட்டர். “இப்பல்லாம் நாலு இடத்துல இதான். ஆவி மேல போகும், சுருள்ல குளிரும், தண்ணியாகி மறுபடி உள்ளயே விழும். நஷ்டமில்லாக் கலன். பாக்கவே எவ்வளவு நாகரிகமா இருக்கு! இன்னும் திறந்த கொப்பரை வெச்சுக்கிட்டு, புகை மண்டிக்கிட்டு...”

தலைகள் ஆடின. திருத்தத்தின் தலையும் ஆடியது. படம் அவ்வளவு அழகாக இருந்தது.

ஒரே வாரத்தில் கலன் வந்து இறங்கியது. சோதனையைப் பார்க்கக் குழுவே வந்தது, புகைப்படக்காரரோடு. நாற்பது குடம் ஊற்றினார்கள். ஆறு மணி நேரம் விறகு எரிந்தது. முள்கள் ஆடின, சுருள் சொட்டியது. மதகைத் திறந்து அளந்தார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

கொட்டகையே கைதட்டியது. ஆகட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அத்தான்,” என்றான் மைத்துனன் மெதுவாக, “இது காலையில நான் ஊத்தின அதே சாறு.”

“ஒரு சொட்டு குறையல பாத்தியாடா!” என்று திருத்தம் அவன் தோளைத் தட்டினார். தங்களுக்கு வேண்டியது என்ன என்பது அந்த நிமிஷம் அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

மனைவி விறகு அடுக்கைப் பார்த்தாள். காலையில் தலை உயரம் இருந்தது முழங்கால் உயரத்தில் இருந்தது. “விறகு மட்டும் நல்லாக் குறைஞ்சிருக்கு,” என்றாள்.

“விறகு எங்க அலுவலகம் இல்ல மேடம்,” என்றார் ஆகட்டும்.

சான்றிதழ் அங்கேயே வழங்கப்பட்டது. கூடவே இன்னொரு தாளையும் ஆகட்டும் நீட்டினார். “பழைய கொப்பரையை ரத்து பண்றதுக்கு. நாலு ஓட்டை நிரூபணமானதாச்சே. கையெழுத்துப் போட்டா பதிவேட்டிலிருந்து பேர் அடிச்சுடுவோம்.”

மனைவி தாளை வாங்கினாள். “பேர் அடிச்சா முத்திரையை எடுத்துடுவீங்களா?”

“கலனுக்குத்தான் முத்திரை. அது இனிமே கலன் இல்லையே மேடம்.”

“வேற என்ன அது?”

ஆகட்டும் திருத்தத்தைப் பார்த்தார். திருத்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சட்டப்படி ஒண்ணுமே இல்ல,” என்றார்.

“அதுல ஏதாவது காய்ச்சினா நீங்க வந்து பாப்பீங்களா?”

“ஒண்ணுமே இல்லாததை ஆய்வு செய்ய விதியில இடமில்ல மேடம்,” என்றார் ஆகட்டும்.

மனைவி கையெழுத்துப் போட்டாள். குழுவின் வண்டி தெருமுனை திரும்பியதும் தம்பியைக் கூப்பிட்டாள். “டேய், அந்த ஒண்ணுமே இல்லாததை ரெண்டு பேருமாத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய் அடுப்புல வைங்க.”

பருவத்தில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. ஒன்பது நாளும் கொட்டகைக்குப் பின்னால் புகை எழுந்தது. திருத்தம் விறகு சுமந்தார், காய்ந்த விறகு. நாலு தழும்போடு அந்தக் கொப்பரை எப்போதும்போல நாற்பதை விழுங்கி ஒன்றைக் கொடுத்தது. முதலில் பதிவுக்குப் போவதற்கு முன்பே அது சட்டப்படி ஒன்றுமில்லாததாகத்தானே இருந்தது என்று கணக்குப் பிடித்துப் பார்த்தபோது, அவருக்குச் சுமையோடு கால் தடுக்கியது. முன்பக்கத்து எஃகுக் கலனில் பார்வையாளர்களுக்காக நாளுக்கு இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீர் கொதித்தது. ஒன்பது நாளில் வீட்டுச் செலவுக்கு ஏதோ ஒப்பேறியது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி.

அடுத்த வருஷமும் வந்தது. திருத்தத்தின் கொட்டகையில் கண்ட வெற்றியை முன்னிட்டு, எல்லாக் கொட்டகைகளிலும் நஷ்டமில்லாக் கலன் கட்டாயம் என்று ஆணை பிறந்தது. சண்டைக்கு வருவார்கள் என்று திருத்தம் ஒளிந்துகொள்ள இடம் பார்த்தார். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “பழசை எப்படிங்க ரத்து பண்றது?”

அலுவலக வாசலில் கொப்பரைகள் வரிசை கட்டி நின்றன. வெல்டிங்காரர் ஓட்டை போடுவதற்கு ஒரு ஆளும் அடைப்பதற்கு ஒரு ஆளும் வைத்துக்கொண்டார். “மக்களுக்கு விதி மேல எவ்வளவு மரியாதை பாத்தீங்களா சார்!” என்று ஆகட்டும் நெகிழ்ந்துபோனார். ஊரில் எல்லாக் கொட்டகையிலும் முன்னால் எஃகு பளபளத்தது. பின்னால் புகைந்தது. எவர் கொட்டகைக்கும் எவரும் பின்பக்கமாகப் போவதில்லை என்று ஒரு நாகரிகம் ஏற்பட்டது. பாகு வாங்க வருகிற ஆகட்டும்கூட முன்வாசலிலேயே நின்று குடத்தை மட்டும் உள்ளே அனுப்புவார்.

பருவம் முடிந்த வாரம் ஆகட்டும் ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“சார், மோசம் போனோம். வருஷாந்திர அறிக்கை போட்டேன். ஊர்ல எந்தக் கலன்லயும் ஒரு சொட்டு நஷ்டமில்ல. நாப்பது போட்டா நாப்பது வருது.”

“சந்தோஷம்தானேப்பா?”

“அதுக்கு மேல பாகும் வருது சார்! தலைவர் கேக்கிறார். போட்டதெல்லாம் அப்படியே இருக்கு, அப்ப இந்தப் பாகு எங்கிருந்து வருதுன்னு. போட்டதை விட அதிகமாத் தர்ற கலனுக்கு விதி எங்கங்கிறார். நஷ்டத்துக்கு எழுதியிருக்கீங்க, லாபத்துக்கு எழுதலையே சார்!”

“மத்த கொட்டகைக்காரங்க என்ன சொல்றாங்க?”

“அவங்கதான் சார் முதல்ல மனுப் போட்டது. நாப்பத்திரண்டு பேரும் தனித்தனியா. ஒவ்வொருத்தரும், ‘பக்கத்துக் கொட்டகையில பின்பக்கம் ஏதோ நடக்குது, கடுமையா ஒரு விதி கொண்டு வரணும்’னு எழுதியிருக்காங்க. சார், உங்களைத் தவிர யாரால எழுத முடியும்?”

ஆகட்டும் வெற்றுத்தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். திருத்தம் அதைத் தொடக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொட்டிய வாளிகள் எல்லாம் கண்முன் வந்தன. கால் மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு பேனாவின் மூடியை மட்டும் திறந்து பார்த்தார். அதற்குள் முதல் வாக்கியம் தானாக வந்துவிட்டது. நல்ல வாக்கியம். கலனோ கலன் அல்லாததோ, பதிவேட்டில் உள்ளதோ நீக்கப்பட்டதோ, முன்பக்கமோ பின்பக்கமோ எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது.

நிமிர்ந்தபோது மனைவி கதவருகே நின்றிருந்தாள்.

“கிழிச்சுடறேன்,” என்றார்.

“எதுக்கு?” அவள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “கிழக்குத் தோப்புக்காரி இந்த வருஷம் எத்தனை குடம் எடுத்திருக்கா தெரியுமா? நம்மளை விட முப்பது மரம் கம்மி அவளுக்கு. நம்மளை விட பதினோரு குடம் அதிகம்.”

“அப்படியா?”

“பின்பக்கம் ரெண்டு கொப்பரை வெச்சிருக்கா. நான் எதேச்சையா எட்டிப் பாத்தேன். அவளைப் பிடிக்கிற மாதிரி ஒரு வரி சேத்து எழுதுங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எழுத்தை அவள் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. திருத்தத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

“அவளுக்கு மட்டும்னு விதி எழுத முடியாது. எழுதினா எல்லாருக்கும்தான்.”

“நமக்குமா?”

“நமக்கும். பின்பக்கம் அடுப்பே மூட்ட முடியாது.”

மனைவி ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தாள், பிறகு கிழக்கே பார்த்தாள்.

“பரவாயில்ல,” என்றாள். “எழுதுங்க.”